தண்ணீர் வந்த சேதி

ஆடி பிறந்துவிட்டால் ஸ்ரீரங்கத்தில் பால்காரர், பேப்பர்காரர், கோயில் வாசலில் துளசி விற்கிறவர் என்று எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "மேட்டூர்ல எத்தனை அடி? எவ்வளவு திறந்திருக்கான்?" எங்கள் ஊர் ஒரு தீவு. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வெள்ளக் காலத்தில் உபரி முழுவதையும் கொள்ளிடம் வாங்கிக்கொள்கிறது. மேலே மேட்டூர் அணையில் மதகு திறந்தால் தண்ணீர் உடனே இங்கே வந்துவிடாது, வழியில் பொழுது பிடிக்கும். அந்தப் பொழுதுக்குள் சேதி தண்ணீரை முந்தியாக வேண்டும். முந்தினால் மாடு கரையேறும், பாத்திரம் பண்டம் பரணுக்குப் போகும். பிந்தினால் பறிகொடுத்ததைக் கணக்கெடுக்க வேண்டியதுதான்.

நான் தந்தி ஆபீஸில் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்றபின் ஸ்ரீரங்கத்தில் உள்ள சின்ன அறக்கட்டளை ஒன்றில் வாட்ஸ்அப் எண்ணையும் ஃபேஸ்புக் பக்கத்தையும் பார்த்துக்கொள்கிறேன். கோயில் தெருக்களில் விட்டுவிட்டுப் போகப்பட்ட முதியவர்களைச் சேர்த்துவைப்பதும், வெள்ளம் வந்தால் கரையோரக் குடிசைகளுக்குச் சாப்பாடு கொண்டுபோவதும் எங்கள் வேலை. சேதி அனுப்புகிறவர்கள் யாரும் சம்பளக்காரர்கள் அல்ல. ஆட்டோ ஓட்டுகிறவர், பூக்கட்டுகிறவர், கல்லூரி மாணவி, ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர். இவர்களை 'குடிமக்கள் செய்தியாளர்கள்' என்று இப்போது அழைக்கிறார்கள். பெயர்தான் புதிது. தண்ணீர் வந்த சேதியை யார் சொன்னார்கள், யார் கேட்டார்கள், கேட்டவர் என்ன செய்தார் என்று பார்த்துக்கொண்டே போனால் இந்த வழக்கத்துக்கு இங்கே நூறு வருஷ வரலாறு இருப்பது தெரியும்.

தண்டோராவும் தந்தியும்

1924 ஜூலையில் வந்த வெள்ளத்தை எங்கள் பாட்டிமார் கடைசிவரை 'பெருவெள்ளம்' என்றே சொன்னார்கள். அதே மாதம் கேரளத்திலும் ஊழி போல வெள்ளம் வந்தது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் அங்கே அதைத் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்கிறார்கள். அப்போது மேட்டூர் அணை கிடையாது. 1925-இல் வேலை தொடங்கி 1934-இல்தான் முடிந்தது. வந்த தண்ணீரை மறிக்க ஆர்தர் காட்டன் 1836-38-இல் முக்கொம்பில் கட்டிய மேலணை ஒன்றுதான்; அதுவும் பாசனத்துக்குப் பிரித்துவிடக் கட்டியது, வெள்ளத்தைத் தேக்கிவைக்க அல்ல.

கரையோரத்துக்குச் சேதி சொன்னது தண்டோரா. பறையை அடித்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனவர் ஊரில் சாதியால் அந்த வேலைக்கு விதிக்கப்பட்டவர். விருப்பப்பட்டு அதை எடுத்துக்கொண்டவர் இல்லை. அவர் சொன்னதைக் கேட்டு எத்தனை குடும்பம் பிழைத்தது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. அவர் பெயரையும் எழுதிவைக்கவில்லை. தன்னார்வத் தொண்டு என்று பெருமையாகப் பேசும்போது, இந்த மண்ணில் முதலில் சேதி சுமந்தவருக்கு மறுக்கும் உரிமையே இல்லாமல் இருந்ததையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். தமிழ்நாட்டில் தண்டோரா போடும் வழக்கம் இனி வேண்டாம் என்று தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது 2022 ஆகஸ்டில். அதுவரை அது இருந்திருக்கிறது.

கரையைத் தாண்டி வெளியூருக்குச் சேதி சொன்னது தந்தி. திருச்சியில் கொடுத்த தந்தி சென்னையில் 'சுதேசமித்திரன்' மேசைக்குப் போகும். மறுநாள் அச்சில் வந்ததைப் படித்து யாராவது நிதி திரட்டத் தொடங்குவார்கள். கண்ணால் பார்த்தவர், தந்தி அடித்தவர், பத்திரிகைக்காரர், பணம் கொடுத்தவர் என்று அன்றைய உதவி நாலு கை மாறி வந்தது.

எங்கள் தொழிலில் முதல் பாடமே சேதியின் தலைப்பகுதிதான். எந்த ஆபீஸில் கொடுத்தது, எத்தனை மணிக்குக் கொடுத்தது, மொத்தம் எத்தனை சொல். இந்த மூன்றும் இல்லாமல் ஒரு தந்தியும் நகராது. வாங்குகிற பக்கத்தில் சொற்களை எண்ணிப் பார்ப்போம். பதினாலு என்று தலையில் போட்டிருந்து பதின்மூன்று வந்திருந்தால் அனுப்பியவரைத் திரும்பக் கேட்போம். விட்டுப்போன ஒரு சொல் 'இல்லை'யாக இருந்துவிட்டால் குடும்பமே குலைந்துபோகும். கடைசித் தந்தி 2013 ஜூலை 14 இரவு போயிற்று. ஆனால் அந்தத் தலைப்பகுதியை நான் விடவில்லை, இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் அதைத்தான் கேட்கிறேன்.

சென்டிமீட்டர் கணக்கு

ஆதித்தனார் 1942-இல் மதுரையில் தொடங்கிய நாளிதழுக்குத் 'தந்தி' என்றே பெயர் வைத்தார். செய்தி என்றாலே சுடச்சுடத் தந்தியில் வருவது என்ற காலம். பிறகு தமிழ்ப் பத்திரிகைகள் சிற்றூர் தோறும் பகுதிநேர நிருபர்களை வைத்துக்கொண்டன. வாத்தியார், மருந்துக்கடைக்காரர், தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் என்று எல்லாரும் அதில் உண்டு. செய்தி எத்தனை சென்டிமீட்டர் அச்சானதோ அதற்குத்தான் காசு. அவசரம் என்றால் பிரஸ் தந்தி, இல்லாவிட்டால் கவரில் போட்டு பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவார்கள். பஸ் ஸ்டாண்டில் ஆபீஸ் பையன் காத்திருப்பான்.

அந்த நிருபருக்கும் பின்னால் ஆட்கள் இருந்தார்கள். எந்த வாய்க்காலில் உடைப்பு, எந்தத் தெருவில் காலரா என்று காசு வாங்காமல் சொன்ன டீக்கடைக்காரரும் சலூன்காரரும். தான் சொன்ன சேதி அச்சில் வந்துவிட்டால் அந்தத் துண்டை வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டிவைப்பார்கள். தன் பெயர் அதில் இருக்காது. இருந்தாலும் 'இது நான் சொன்னது' என்று வருகிறவரிடமெல்லாம் காட்டுவார்கள். அவர்களுக்குக் கிடைத்த கூலி அதுதான். சொன்னது வீண்போகவில்லை என்ற அத்தாட்சி.

1977 நவம்பர் 12 புயலின்போது நான் கல்லூரி மாணவி. நாகப்பட்டினத்தில் கரை ஏறிய புயல் உள்நாட்டில் கொட்டிய மழையில் திருச்சி நகரமே தண்ணீரில் நின்றது. மின்சாரம் போயிற்று, தொலைபேசி செத்தது. பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர்தான் ஒரே துணை. உதவி வராமல் இல்லை. லாரி லாரியாகச் சாப்பாட்டுப் பொட்டலம் வந்தது. ஆனால் எந்தச் சந்துக்குள் எத்தனை பேர் மாடியில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று வந்தவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. பெரிய ரோட்டில் நின்றவர்களுக்கே இரண்டு, மூன்று பொட்டலம் கிடைத்தது. சந்துக்குள் இருந்தவர்களுக்கு லாரிச் சத்தம் மட்டும் கேட்டது. உதவிக்கும் தேவைக்கும் நடுவே ஒரு தெரு தூரம். அந்தத் தூரத்தைக் கடக்க வண்டியும் பணமும் போதாது, சேதி வேண்டும். நான் தந்தி இலாகாவுக்குப் போக அந்த வாரமும் ஒரு காரணம்.

டெல்டாவின் ரேடியோ நெல்

கேட்பதும் பதில் சொல்வதுமாக இருவழியில் சேதி ஓடியது என்று பார்த்தால், திருச்சி அதை வானொலியில்தான் முதலில் கண்டது. திருச்சி நிலையம் 1939 மே 16-இல் தொடங்கியது. 1956-இல் யுனெஸ்கோ உதவியோடு புனே வட்டாரத்தில் 150 கிராமங்களில் ஒரு சோதனை நடந்தது. ஊருக்கு ஒரு மன்றம். எல்லாரும் உட்கார்ந்து ஒலிபரப்பைக் கேட்பார்கள், விவாதிப்பார்கள், சந்தேகத்தை நிலையத்துக்கு எழுதுவார்கள். அடுத்த நிகழ்ச்சியில் பதில் வரும். பிறகு இந்த வானொலி மன்றங்கள் நாடு முழுவதும் பரவின.

1966-இல் திருச்சி நிலையத்தில் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவு வந்தது. ஆடுதுறை 27 என்ற குறுகிய காலக் குறுவை நெல்லைப் பற்றி அது ஓயாமல் பேசியது. தஞ்சை விவசாயிகள் அந்த நெல்லுக்கு வைத்த பெயர் 'ரேடியோ நெல்'. ஒரு நெல் வானொலியின் பெயரில் கடைத்தெருவில் விலைபோனது என்றால், அது ஒலிபெருக்கியின் சத்தத்தால் மட்டும் நடந்திருக்க முடியாது. என் வயலில் இலை மஞ்சளாகிறதே என்று ஒருவர் கார்டு போட்டார், இதைச் செய்து பாருங்கள் என்று வானொலி ஊரறிய பதில் சொன்னது. தன் ஊர்ப் பெயர் வானொலியில் வந்தபின் அவர் அடுத்த கார்டை எழுதத் தயங்குவாரா? வெறும் தபால் கார்டு என்றாலும் பதில் வந்ததால்தான் அதற்கு மதிப்பு.

கல்மந்தைப் பெண்கள்

பக்கத்துப் புதுக்கோட்டையில் 1991-இல் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் தொண்டர்கள் ஊர் ஊராகப் போனார்கள். பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டது உலகமறிந்த கதை. எனக்கு அதில் பெரிதாகப்பட்டது வேறொன்று. கையெழுத்துப் போடக் கற்றவர்கள் முதலில் எழுதிப் பழகியவற்றில் மனுக்களும் இருந்தன. குழாயில் தண்ணீர் வரவில்லை, கல் குவாரியில் கூலி பாக்கி என்று தன் கையால் எழுதினார்கள். நிருபர் வந்து கேட்கட்டும் என்று காத்திருந்தவர்கள் தாங்களே எழுதத் தொடங்கியது அப்போதுதான்.

திருச்சிக்குள் இதையே ஒரு தொண்டு நிறுவனம் வேறு விதமாகச் செய்தது. 1987-இல் தாமோதரன் தொடங்கிய கிராமாலயா. குடிசைப் பகுதிகளின் பொதுக் கழிப்பறைகளை அங்கேயே இருக்கும் பெண்களின் சுய உதவிக் குழுக்களிடம் ஒப்படைத்தது. முறை வைத்து வாசலில் உட்காருவார்கள், காசு வாங்கிக் கணக்கு எழுதுவார்கள், இன்றைக்குத் தண்ணீர் வந்ததா, எது அடைத்துக்கொண்டது, யார் இன்னும் வெளியே போகிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. 2002-இல் கல்மந்தை, திறந்தவெளியில் மலம் கழிக்காத இந்தியாவின் முதல் குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு தாண்டவம்பட்டிக்கு அப்படிப்பட்ட முதல் கிராமம் என்ற பெயர் கிடைத்தது. தாமோதரனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது 2022-இல்.

வெளியிலிருந்து கேமராவோடு வருகிறவர் ஒரு நாள் பார்த்துவிட்டு எழுதுவார். கல்மந்தைப் பெண்கள் தினமும் பார்த்தார்கள், பார்த்ததைச் சொன்னார்கள், சொன்னதைச் சரிசெய்யும் சாவியும் காசும் அவர்கள் கையிலேயே இருந்தன. தொண்டு நிறுவனத்துக்கு மக்கள் சேதி தருவது என்றால் அதன் நல்ல வடிவம் இதுதான் என்பேன். அங்கே ஸ்மார்ட்போன் இல்லை.

நல்லவாடு

சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரி வட்டாரத்தில் கிராம அறிவு மையங்களை வைத்தது. ஊர்க்காரர்களே தொண்டர்கள். கடல் அலை எத்தனை அடி எழும் என்பதை ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொல்வார்கள். 'நம்ம ஊரு செய்தி' என்று ஒரு சிற்றிதழும் நடத்தினார்கள். 2004 டிசம்பர் 26 காலை, நல்லவாடு என்ற மீனவ ஊரின் மையத்தில் முன்பு தொண்டராக இருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருந்த ஒருவர் சுனாமிச் செய்தி அறிந்து ஊரில் தன் வீட்டுக்கு போன் போட்டார். ஊரார் மையத்தின் பூட்டை உடைத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். படகுகள் போயின, வீடுகள் போயின. உயிர் ஒன்றுகூடப் போகவில்லை.

சேதி அறிந்தவர் பலர். ஆனால் 'ஊரில் ஒலிபெருக்கி இருக்கிறது, அதில் சொன்னால் ஊர் கேட்கும்' என்று தெரிந்தவர் அவர். வருஷக்கணக்காக அலை உயரத்தைச் சொல்லிச் சொல்லி நம்பிக்கை சம்பாதித்த ஒலிபெருக்கி அது. அவசரத்தன்று வாங்கி மாட்டியிருந்தால் அந்த நம்பிக்கை வந்திருக்காது.

அதே சுனாமியில் நாகப்பட்டினத்து ரோட்டோரங்களில் பழைய துணி மலைபோலக் கிடந்தது. நாடெங்கும் இருந்து நல்ல மனதோடு அனுப்பியவை, எடுக்க ஆளில்லை. பிறகு தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து ஒரு ஒருங்கிணைப்பு மையம் வைத்து, எந்த ஊருக்கு என்ன தேவை என்று கேட்டு எழுதத் தொடங்கினார்கள். நான் 1977-இல் பார்த்த அந்த ஒரு தெரு தூரம், 2004-இலும் அப்படியேதான் இருந்தது.

எடுத்ததா, வந்ததா?

2005 நவம்பரில் திருச்சியின் கோரையாறும் குடமுருட்டி ஆறும் மறுபடி நகரத்துக்குள் வந்தபோது கையில் செல்போன் இருந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி எஸ்எம்எஸ் அனுப்பினோம். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் வந்த உதவிக் குரல்களைத் தன்னார்வலர்கள் ஒரே பட்டியலாகத் தொகுத்து, முடிந்ததை முடிந்தது என்று அடித்துக்கொண்டே போனார்கள். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் எங்கள் நிர்வாகிகள் தங்களுக்கும் ஒரு வாட்ஸ்அப் எண் வேண்டும் என்றார்கள்.

2018-இல் இந்தக் கருவியின் இரண்டு முகத்தையும் பார்த்துவிட்டோம். மே மாதம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போன 65 வயது அம்மாளைப் பிள்ளை பிடிக்க வந்தவள் என்று அடித்தே கொன்றார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தி செய்த கொலை. ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு சேதியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் தள்ள முடியாதபடி கட்டுப்படுத்தியது.

அதே ஜூலையில் மேட்டூர் 120 அடி நிரம்பியது. ஆகஸ்டில் கொள்ளிடம் இரு கரை தொட்டு ஓடியது. 1928-இல் கட்டி, புதுப்பாலம் வந்தபின் மூடிவைத்திருந்த பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. கரையில் நின்று ஊரே படமெடுத்தது. ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் இருந்த 45 மதகுகளில் ஒன்பது அடித்துக்கொண்டு போயின. என் போன் விடிய விடிய அடங்கவில்லை.

அந்த வாரம் ஒரு வீடியோ வந்தது. கரை உடைந்து தெருவுக்குள் தண்ணீர் பாய்கிறது, ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். மேலே 'கொள்ளிடக் கரை உடைந்தது, அனைவருக்கும் பகிரவும்' என்று எழுதியிருந்தது. அனுப்பியவர் எங்களுக்கு நல்ல சேதிகள் தந்துகொண்டிருந்த தம்பிதான். நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஓடுகிற பெண்ணுக்குப் பின்னால் ஒரு கடைப் பலகை. பாதி தண்ணீரில் இருந்தாலும் எழுத்து தெரிந்தது, மலையாளம். அப்போது கேரளத்தில் பெரும் வெள்ளம். போன் போட்டேன்.

"தம்பி, இது நீங்க எடுத்ததா, வந்ததா?"

"வந்தது மேடம். ஃபேமிலி குரூப்ல போட்டிருந்தாங்க."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"கொள்ளிடக் கரையிலதான் மேடம். இங்க தண்ணி கரைக்குள்ளதான் போகுது."

"அப்ப அதை எடுத்து அனுப்புங்க. கரை நல்லா இருக்குங்கறதும் சேதிதான்."

அவர் எடுத்து அனுப்பியதை நேரத்தோடு எங்கள் பக்கத்தில் போட்டோம். அன்றைக்கு ஊருக்கு அதுதான் தேவைப்பட்டது. அது முதல் எங்கள் குழுவில் எது வந்தாலும் முதல் சொல்லாக 'எடுத்தது' அல்லது 'வந்தது' என்று போட்டாக வேண்டும். 'வந்தது' என்று போட்டதற்காக யாரையும் கடிந்துகொள்வதில்லை. விசாரித்துவிட்டு, தேறினால் வெளியிடுகிறோம், தேறாவிட்டால் ஏன் தேறவில்லை என்று அனுப்பியவருக்கே சொல்கிறோம்.

நடுக்காட்டுப்பட்டிக்குப் பிறகு

2019 அக்டோபர் 25 மாலை மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுப் பிள்ளை, கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தான். நாலு நாள் தமிழ்நாடே திரைக்கு முன் உட்கார்ந்திருந்தது. 29-ஆம் தேதி உடலைத்தான் எடுக்க முடிந்தது. அந்த நாட்களில் எங்கள் எண்ணுக்கு வந்ததில் பாதிக்கு மேல் கும்பிடு கைகளும் விளக்குப் படங்களும். துக்கம் உண்மையானது, குறை சொல்ல முடியாது. ஆனால் திறந்த குழிகளை மூடுவது பற்றி உச்ச நீதிமன்றம் 2010-லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. சட்டம் இருந்தது, குழி எங்கே திறந்து கிடக்கிறது என்று பார்த்துச் சொல்லும் கண்தான் இல்லாமல் போயிற்று.

எங்கள் குழுவில் ஒரே வரி போட்டோம்: 'உங்கள் ஊரில் மூடாத போர் இருக்கிறதா? படம், இடம், பக்கத்து அடையாளம் அனுப்புங்கள்.' முதலில் தயங்கினார்கள். குழி பக்கத்து வயல்காரருடையது, சொன்னால் பகை வரும். சொன்னவர் பெயர் எங்களைத் தாண்டிப் போகாது என்றோம். பிறகு வரத் தொடங்கியது. கோணிப்பை போட்டு மூடியது, கல்லை வைத்து மூடியது, எதுவும் போடாமல் கருவேலம்புதருக்குள் வாய் திறந்து கிடந்தது. ஒவ்வொன்றையும் ஊராட்சிக்குச் சொன்னோம். மூடியதும் மூடிய படத்தை, முதலில் சொன்னவருக்கு அனுப்பினோம். அந்த இரண்டாவது படம் போன பிறகுதான் அவர்களிடமிருந்து இரண்டாவது குழி வந்தது. விளக்குப் படம் அனுப்பிய அதே ஆட்கள்தான். வேலை இது என்று தெரிந்ததும் செய்தார்கள்.

சத்தீஸ்கரில் 2010-இல் தொடங்கிய 'சிஜிநெட் ஸ்வரா' இதே வழியில் போயிருக்கிறது. பழங்குடி மக்கள் சாதாரண போனிலிருந்து தங்கள் மொழியில் குறையைப் பதிவு செய்வார்கள். நடத்துநர்கள் விசாரித்துவிட்டு வெளியிடுவார்கள். குறை தீர்ந்தால் அதே ஆள் மறுபடி கூப்பிட்டு, தீர்ந்த கதையையும் பதிவு செய்வார். முதல் பதிவைவிட இந்த இரண்டாவது பதிவுதான் அடுத்தவரைப் பேசவைக்கிறது.

எங்கள் டெஸ்க்

பத்திரிகை ஆபீஸ் மாதிரி நாங்களும் சேதி வாங்குகிற மூலை மேசையை 'டெஸ்க்' என்கிறோம். அங்கே கேட்கிற கேள்விகள் ஐந்து. எங்கே, பக்கத்தில் என்ன அடையாளம்? எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்? எடுத்ததா, வந்ததா? சம்பந்தப்பட்டவரிடம் கேட்டீர்களா? இப்போது என்ன வேண்டும்? முதல் இரண்டும் தந்தி ஆபீஸ் கொடுத்தவை, மூன்றாவது அந்த மலையாளப் பலகை வீடியோ கொடுத்தது. மணி கேட்பதன் அருமை 2021 மே மாதக் கொரோனா அலையில் எல்லாருக்கும் புரிந்தது. பத்து மணிக்குக் காலியாக இருந்த ஆக்சிஜன் படுக்கை பதினொன்றுக்கு இருக்காது. மணி போடாத பட்டியல் நோயாளியை ஊரெல்லாம் அலையவைத்தது.

நாலாவது கேள்வியை நாங்களாகச் சேர்த்தோம். ஒரு நாள் அம்மா மண்டபத்துப் படித்துறையிலிருந்து ஆட்டோக்காரர் ஒருவர் படம் அனுப்பினார். தூணோரம் மூட்டையோடு ஒரு பாட்டி, முகம் பளிச்சென்று தெரிகிறது. 'மகன் விட்டுவிட்டுப் போய்விட்டான், எல்லாரும் ஷேர் பண்ணுங்க' என்று எழுதியிருந்தார். ஷேர் பண்ணவில்லை. பக்கத்தில் பூ விற்கிற அம்மாளுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, அந்தப் பாட்டிகிட்ட யாரும் பேசினாங்களா?"

"காலையில நான்தான் இட்லி குடுத்தேன் கண்ணு. மகன் மேல ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டேங்குது. அவன் வருவான், வருவான்னே சொல்லுது."

அந்தப் பாட்டியின் முகத்தை ஊர் முழுக்கப் போட்டிருந்தால் மகனுக்கு வசவு விழுந்திருக்கும், எங்கள் பக்கத்துக்கு ஆள் சேர்ந்திருக்கும். பாட்டிக்கு வேண்டியது அது இல்லை. முதியோர் உதவி எண் 14567-க்குச் சொன்னோம், எங்கள் ஆள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார், சாயங்காலத்துக்குள் தங்க இடம் ஆயிற்று. பெற்றோர் பராமரிப்புக்கு 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, மகனிடம் பேச வழியும் இருக்கிறது. அதெல்லாம் பாட்டி சரி என்று சொன்ன பிறகு. பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. ஆதரவு தேவைப்படும் குழந்தையின் முகத்தையோ பெயரையோ வெளியிடுவதை 2015 இளைஞர் நீதிச் சட்டமே தடுக்கிறது. அப்படிப் படம் வந்தால் 1098-க்குச் சொல்லிவிட்டு, படத்தை அழிக்கச் சொல்கிறோம்.

ஆட்டோக்காரருக்கு இரவே பதில் போட்டோம்: பாட்டி இன்ன இடத்தில் இருக்கிறார், சாப்பிட்டார், உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார். மறுநாள் அவர் ஸ்டாண்டிலிருந்து இன்னும் ரெண்டு ஆட்டோக்காரர்கள் எங்கள் எண்ணை வாங்கிக்கொண்டார்கள். நாங்கள் விளம்பரம் எதுவும் போடவில்லை.

பல நிறுவனங்கள் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி என்று கூப்பிட்டு, எந்தக் கோணத்தில் படமெடுப்பது, எந்த ஹேஷ்டேக் போடுவது, ரீல்ஸுக்கு என்ன பாட்டு என்று சொல்லித்தருகின்றன. போஸ்டர் வடிவமைக்கச் செலவு செய்கின்றன. சேதியை வாங்கி, விசாரித்து, பதில் சொல்ல ஒரு ஆளுக்குச் சம்பளம் போடுவது மட்டும் வீண்செலவாகத் தெரிகிறது. சேதி தருகிறவர் காசு கேட்கவில்லை என்பதற்காக வாங்குகிற பக்கமும் இலவசமாக நடந்துவிடும் என்று நினைக்கிறார்கள். தந்தி இலாகாவில் கம்பி, கம்பம், கருவி எல்லாவற்றையும்விட முக்கியமாக மறுமுனையில் ஒரு ஆள் விழித்திருந்தார். அவர் தூங்கிவிட்டால் கம்பி இருந்து என்ன பிரயோஜனம்?

"சோஷியல் மீடியாவில் ஆள் சேரமாட்டேன் என்கிறார்கள், சேர்ந்தாலும் நிலைக்கமாட்டேன் என்கிறார்கள்" என்று என்னிடம் யோசனை கேட்டு வருகிற நிர்வாகிகளுக்கு நான் பெரிதாக எதுவும் சொல்வதில்லை. போனை வாங்கி இன்பாக்ஸைத் திறந்து காட்டி ஒன்றே ஒன்று கேட்பேன்: போன மாதம் உங்களுக்குச் சேதி சொன்னவர்களில் எத்தனை பேருக்கு, அந்தச் சேதி என்ன ஆயிற்று என்று திரும்பச் சொன்னீர்கள்?